முழு நோன்பு

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள சாஜிதாவுக்கு உன் வீட்டுக்காரன் கரீம் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மகள் ரம்ஷாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். ஷார்ஜாவில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். நீ சமைத்துப் போடும் அந்த வீட்டுக்காரர்களும் நன்றாக இருக்கட்டும். ஆனால் உன் கைப்பக்குவத்தில் மயங்கி உன்னை அங்கேயே வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் நாக்கு நன்றாக இருக்க வேண்டாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். நம் போனுக்குக் காது செத்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச்சு கேட்கிறது. நீ வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் எதிர்வீட்டு ஆடுகூடத் தலையைத் தூக்கிக் கேட்கிறது. உன்னிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசலாம் என்றால் ரம்ஷா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அத்தா, வயசுக்குத் தக்கன பேசுங்க" என்கிறாள். அதனால் இதை எழுதி, லீவு முடிந்து திரும்பும் நம் சந்து அனீஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே எலுமிச்சை ஊறுகாய் இருக்கும். பாட்டில் குறைந்திருந்தால் அவனைக் கேள். நான் ஐந்தாவதோடு நின்றவன், நீ எட்டாவது படித்த மேதை. பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்.

கடை ஓடுகிறது. பெருநாளுக்கு முன்னால் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புது சீட் கவர் வேண்டியிருந்தது. பச்சை ரெக்சின் தீர்ந்து, ஒருவருக்கு ஊதா போட்டேன். அவர் முதலில் சண்டை போட்டார். இப்போது உக்கடத்தில் அவர் வண்டிதான் அழகு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி முக்கியமான சேதி. உன் மகள் இந்த வருடம் நோன்பு முழுவதும் பிடித்தாள். ஒன்றுகூட விடவில்லை. பங்குனி வெயில், கம்ப்யூட்டர் கடையில் நாள் முழுக்கக் கணக்கு வேலை, அத்தனையோடும் பிடித்தாள். விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பாட்டுக்கு என்னையும் அவளேதான் எழுப்பினாள். ஒரு நாள் இரண்டு பேருமே தூங்கிப்போனோம். அன்றும் அவள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிடித்தாள்.

பெருநாள் அன்று ரியாஸும் அவன் அம்மாவும் வந்தார்கள். என் அக்காவும் இருந்தாள். ஹஜ் பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று பேசிவைத்த பிறகு அவர்கள் வருவது இதுதான் முதல் முறை. மாப்பிள்ளை நன்றாக இருக்கிறான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் என்னைப் பார்த்ததும் என் கண்ணாடியைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அம்மா சேமியாவைக் குடித்துக்கொண்டே ரம்ஷாவிடம் அன்பாகத்தான் கேட்டார், "விட்டுப்போன கழா நோன்பை எப்பக் கண்ணு பிடிக்கப் போறே? வெயில் ஏறறதுக்குள்ள பிடிச்சுப்போடு" என்று. ரம்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நானே முந்திக்கொண்டேன். "அவளுக்கு ஏதுங்க கழா? ஒண்ணுகூட விடலைங்க. முழு நோன்பு!" என்றேன்.

அந்தம்மா மலைத்துப்போய்விட்டார். சேமியாவை முழுசாகக் குடிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கண்திருஷ்டி விழும் என்று பயந்துவிட்டாள் போல. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உன் பிள்ளை என்று ஒரு தடவையும் என் பிள்ளை என்று மூன்று தடவையும் சொன்னேன்.

ரம்ஷா மட்டும் அன்றிலிருந்து கொஞ்சம் பேச்சைக் குறைத்திருக்கிறாள். கல்யாணப் பெண் அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்தவர்களுக்கு ஆக்கிப்போட்டு உன்னைக் காயப்போட்டுக்கொள்ளாதே. அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் கரீம்

*

கோட்டைமேடு
ஏப்ரல் மாதக் கடைசி

அன்புள்ள சாஜிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கடைக்குப் பக்கத்து டீக்கடைப் போனில் கூப்பிட்டு என்னை நீ கிழித்த கிழியை இன்னும் தைத்து முடிக்கவில்லை.

நீ கேட்டது நியாயம்தான். "ஏனுங்க, இத்தனை வருசம் எங்கூடக் குடித்தனம் பண்ணியும் பொம்பளை எதுக்கு நோன்பை விடுவாள்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாய். தெரியாமல் என்ன? மாதவிலக்கு நாளில் பெண்களுக்கு நோன்பு கிடையாது, தொழுகை கிடையாது, விட்ட நோன்பைப் பிறகு கழாவாகப் பிடிக்க வேண்டும். இது எனக்கும் தெரியும். உனக்கு என்றால் தெரியும். மகளுக்கும் அதுதான் என்று என் மண்டையில் ஏறவில்லை. பொருட்காட்சியில் ராட்டினத்தைப் பார்த்து அழுத பிள்ளையாகவே அவளை வைத்திருக்கிறேன். அதுவும் அந்த வார்த்தையை நான் எங்கே போய்ச் சொல்லியிருக்கிறேன் பார். மாப்பிள்ளையின் அம்மாவிடம். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அந்த மாதம் வரவே இல்லை என்பதைச் சேமியா கொடுத்து, உட்காரவைத்து, பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நீ போனை வைத்த பிறகு அக்காவிடம் போனேன். அவள் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாளாம். "சில பிள்ளைக நோன்பு விடக் கூடாதுன்னு மாத்திரை போட்டுத் தள்ளி வெக்கும். அப்புடி இருந்தாச் சரி. இல்லைனா உம்மவளுக்கு நாள் தள்ளியிருக்குதுன்னுதான்டா அவங்க நெனைப்பாங்க" என்றாள். ஒருவர் பேசினால் அது சரி என்று தோன்றுகிறது. அடுத்தவர் பேசினால் அதுவும் சரி என்று தோன்றுகிறது. என் தலை ஸ்பாஞ்சு மாதிரி ஆகிவிட்டது சாஜி. யார் அழுத்தினாலும் அந்தப் பக்கம் அமுங்குகிறது.

நான் எப்படி மகளிடம் கேட்பேன்? அக்காதான் அடுக்களைக்குள் கூட்டிப்போய்க் கேட்டாள். நான் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்தேன். அழுக்கே இல்லாத வண்டியை அரை மணி நேரம் துடைத்தேன். அக்கா வெளியே வந்து, "மாத்திரை ஒண்ணும் போடலை. அஞ்சு மாசமாவே வரலையாம். அதுக்கு முன்னாடியும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மூணு மாசத்துக்கு ஒருக்காத்தானாம். அம்மா ஊர்ல இல்லை, அத்தாகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு கேக்கறா" என்றாள். நீ இல்லாத வீட்டில் அவள் வேறு யாரிடம் சொல்லுவாள்?

நம் பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் பத்துப் பேர் ஸலாம் சொல்லி என்ன விசேஷம் என்று கேட்பார்கள். அதனால் துடியலூருக்குக் கூட்டிப்போனேன். அக்காவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை. நானும் ரம்ஷாவும்தான் போனோம். அங்கே காத்திருந்தவர்கள் எல்லாம் பெண்கள். ஒரே ஆம்பளை நான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்று கேட்டால் சொல்லுவேன்.

டாக்டர் பெயர் நந்திதா. சின்ன வயசு, வேகமான பேச்சு. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவரே, "இது நாள் தள்ளிப்போச்சுன்னு வர்ற எல்லாத்துக்கும் எடுக்கறதுங்க. கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு பாக்கறதில்லை" என்றார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ரம்ஷா, "டெஸ்ட் எனக்குங்க அத்தா, நீங்க எதுக்கு வேர்க்கறீங்க?" என்று கேலி செய்தாள்.

ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்குப் பெரிதாக ஒரு மூச்சு வந்துவிட்டது சாஜி. அதை அவள் பார்த்துவிட்டாள். "நீங்களும் நெனைச்சீங்களா அத்தா?" என்றாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஸ்கேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம். அவள் முகத்தை முகத்தைச் சுளித்தாள். துணைக்கு நானும் ஒரு பாட்டில் குடித்தேன். அவளைக் கூப்பிடுவதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பெண்களுக்கு மட்டும் என்று எழுதிய கதவைத் தவிர வேறு கதவு இல்லை. ரோட்டைத் தாண்டிப் பெட்ரோல் பங்குக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது நர்ஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பேசண்டு நீங்களா, அவிங்களா?" என்றது. அப்போதுதான் ரம்ஷா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் இரண்டு பாட்டில் குடித்திருப்பேன்.

டாக்டர் அவள் தாடையில் இருந்த முடியைப் பார்த்தார், பிறகு கழுத்தின் பின்பக்கம் பார்த்தார். அங்கே கறுத்திருக்கிறது. நான் அதை வெயில் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் சேர்த்து இதற்கு பி.சி.ஓ.எஸ். என்று பெயர், வெளியே நீர்க்கட்டி என்று சொல்வார்கள் என்றார். கட்டி என்றதும் ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். "ஆபரேஷன் எதுவும் வேண்டாமுங்க. இது கட்டியே இல்லை" என்றார். கட்டி இல்லாததற்குக் கட்டி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். "நான் வெக்கலைங்க" என்றார்.

அவர் சொன்னது இதுதான். மாதாமாதம் ஒரு முட்டை வளர்ந்து வெளியே வர வேண்டும். இவளுக்கு நிறைய முட்டைகள் வளர ஆரம்பிக்கின்றன, எதுவும் முழுசாக வளராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் அவை முத்து கோர்த்த மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. எனக்கு ஒன்று தோன்றியது. கடையில் பத்து சீட் கவரை ஒரே நேரத்தில் வெட்டிப்போட்டு, ஒன்றைக்கூடத் தைத்து முடிக்காமல் எல்லாம் மேசையில் கிடக்கிற மாதிரியா என்று கேட்டேன். "ஏறக்குறைய அப்படித்தானுங்க" என்றார். அதோடு எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கவுண்டம்பாளையம் வருவதற்குள் மறுபடியும் புரியாமல் போய்விட்டது.

யார் செய்த தப்பு என்று கேட்டேன். யாருடைய தப்பும் இல்லை, அவரிடம் வருகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கிறதாம். பசி கிடந்ததால் வந்ததா, பரோட்டாவால் வந்ததா என்று கேட்டேன். ஒன்றால் வருவதில்லை என்கிறார். அப்படி என்றால் எதை நிறுத்துவது? ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்த பிறகுதான் மருந்து.

இதைத் தபாலாபீஸில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது நான் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்வேன், புரிந்துகொள். அவளிடம் அழாதே. நீ அழுதால் அவள் அழுவாள், எதிர்வீட்டு ஆடும் சேர்ந்துகொள்ளும். எங்களுக்காகத் துஆ செய்.

உன் கரீம்

*

கோட்டைமேடு
மே மாதம், கத்திரி வெயில்

என் சாஜிதாவுக்கு,

ஸலாம். நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலமா இல்லையா என்பதை நீயே படித்துச் சொல். எனக்குத் தெரியவில்லை.

ரத்த முடிவு வந்தது. தைராய்டு இல்லை. சர்க்கரை இல்லை. ஆம்பளைக்குரிய ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதாம், அதனால்தான் தாடையில் முடி. நான் பதறிவிட்டேன். எல்லாப் பெண்களுக்கும் அது கொஞ்சம் இருக்கும் என்றார் டாக்டர். உனக்கும் இருக்குமாம். எனக்கு அந்தச் சந்தேகம் கல்யாணமான வாரமே வந்தது.

மருந்துச் சீட்டோடு கீழே இருந்த கடைக்குப் போனேன். கடைக்காரர் திருமலைசாமி எடுத்துக் கொடுத்த முதல் அட்டையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது அக்கா போடும் சர்க்கரை மாத்திரை. அந்த அட்டையின் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். "இது எங்கக்கா மாத்திரைங்க. எம்புள்ளைக்குச் சர்க்கரையே இல்லை. மாத்திக் குடுத்துப்போட்டீங்க" என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகச் சீட்டைக் காட்டி, சர்க்கரை இல்லாவிட்டாலும் இந்த நோய்க்கு இதைக் கொடுப்பதுண்டு, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதற்கு என்றார். நான் நம்பாமல் மாடி ஏறி டாக்டரிடமே கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். கீழே வந்து மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் இரண்டாவது அட்டையை எடுத்தார். அது என்ன என்று ரம்ஷா போனில் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை.

மறுபடியும் மாடி ஏறினேன். என் முழங்காலும் இனி அக்கா முழங்கால்தான். பிள்ளை பிறக்குமோ பிறக்காதோ என்று பயந்துபோய் வந்தவனிடம், பிள்ளை பிறக்காமல் இருக்கிற மாத்திரையைக் கொடுத்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? டாக்டர் உட்காரச் சொன்னார். இது மாதம் ஒழுங்காக வருவதற்கு, வராமலே இருந்தால் கருப்பைக்கு நல்லதில்லை, குழந்தை வேண்டும் என்கிறபோது நிறுத்திவிடலாம் என்றார். முதலில் சில நாளைக்கு வேறு ஒரு மாத்திரை, அது வரவைக்கும். வந்த பிறகு இதைத் தொடங்க வேண்டும். குழந்தை பிறக்குமா என்று நேராகவே கேட்டேன். "பெரும்பாலானவங்களுக்குப் பொறக்குதுங்க. சிலருக்குக் கொஞ்சம் ஒத்தாசை வேணும். நாள்பட்ட விசயம், கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். முழுசாப் போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அக்கா சொன்னதையும் கேட்டேன். "கல்யாணம் மருந்து இல்லீங்க" என்றார்.

தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். எடை கொஞ்சம் குறைந்தாலே நன்றாக மாறுமாம். விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பெரியகுளத்துக் கரையில் நானும் அவளும் நடக்கிறோம். அவள் முன்னால் போகிறாள், நான் பின்னால் போகிறேன். அவளுக்கு எடை குறைந்ததோ இல்லையோ, என் லுங்கி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. சர்க்கரை மாத்திரை முதலில் வயிற்றைப் பிரட்டியது. சாப்பாட்டோடு போட ஆரம்பித்த பிறகு தேவலை.

இப்போது நீ பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ரியாஸின் அம்மா, நிக்காஹைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று ஆள் விட்டுக் கேட்டார். காரணம் சொல்லவில்லை. காரணம்தான் அவர் குடித்த சேமியாவிலேயே இருந்ததே.

அக்கா ஒரு வழி சொன்னாள். "நீ ஒரு கிறுக்கன்னு ஊருக்கே தெரியும். நோன்பு விட்டதைப் புள்ளை எங்கிட்டச் சொல்லலை, நான்தான் தெரியாம உளறிப்போட்டேன்னு சொல்லிப்போட்டு வா. எல்லாரும் சிரிச்சிட்டு விட்டுருவாங்க" என்றாள். யோசித்துப் பார் சாஜி, எவ்வளவு சுலபம். என்னைத் தவிர யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. எனக்குத்தான் அது ஏற்கனவே இருக்கிறதே. நான் ஒத்துக்கொண்டு, எப்படிச் சிரித்துக்கொண்டே சொல்வது என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

ரம்ஷா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். "எனக்கு இருக்கறதைச் சொல்லாதீங்க, அது உங்க இஷ்டம். ஆனா அந்த நோன்பு நான் பிடிச்சதுங்க அத்தா. பசிச்சு, தாகமெடுத்து, ஒவ்வொண்ணா மனசுல நிய்யத்து வெச்சுப் பிடிச்சேன். அதை இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அவ்வளவுதான். சண்டை போடவில்லை, அழவில்லை. மாவைப் பிசையப் போய்விட்டாள்.

அக்கா சொல்வதும் சரி, பிள்ளை சொல்வதும் சரி. உன்னைக் கேட்கலாம் என்றால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அக்காவோடு கிளம்பிப் போனேன். வழியெல்லாம் பொய்யைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவர்கள் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். டீ வந்தது. ரியாஸ் கதவோரம் நின்றான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் அம்மா எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். "ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்? புள்ளைக அத்தாகிட்டச் சொல்லுமா? நீங்க வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பீங்க. அப்புடித்தானுங்களே அண்ணா?" என்றார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை. அக்கா சிரிக்கத் தயாராக இருந்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தேன். அப்புறம் அந்த வார்த்தை வரவில்லை சாஜி.

"இல்லீங்க, அவ முழுசாத்தான் பிடிச்சா" என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. நிறுத்தவில்லை. ஐந்து மாதம் வரவில்லை என்றேன், டாக்டரிடம் போனோம் என்றேன். கட்டி, ஆனால் கட்டி இல்லை என்றேன். சர்க்கரை இல்லாத சர்க்கரை மாத்திரையைச் சொன்னேன். வெட்டிப்போட்டுத் தைக்காமல் கிடக்கும் சீட் கவரையும் சொன்னேன். அந்த இன்னொரு மாத்திரையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இன்னொரு மாத்திரையும் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எனக்கே புரியாததை நான் அவர்களுக்கு எப்படிப் புரியவைத்திருப்பேன்? கடைசியில், "நான் தப்பாச் சொல்லியிருந்தா அந்த டாக்டரம்மாவையே கேட்டுக்கங்க. எம்புள்ளை மேல ஒரு தப்பும் இல்லை" என்று முடித்தேன்.

டீ ஆடை கட்டிவிட்டது. ரியாஸின் அம்மா, "அந்த டாக்டரம்மா எந்நேரம் இருப்பாங்க?" என்று கேட்டார். சாயங்காலம் என்றேன். இடத்தையும் கேட்டுக்கொண்டார். நிக்காஹ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நம்மைச் சோதிக்கத்தான் கேட்டார் என்கிறாள் அக்கா. விவரம் தெரிந்துகொள்ள இருக்கலாம் என்கிறேன் நான். அவர் வீட்டிலும் வயசுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காகவும் இருக்கலாம். எதுவும் தெரியவில்லை.

ரியாஸ் தெருமுனை வரைக்கும் வந்தான். "மாத்திரை ஒத்துக்குதுங்களா மாமா?" என்றான். ஒத்துக்கொள்கிறது என்றேன். மாமா என்று எப்போதும் கூப்பிடுகிறவன்தான். இதை வைத்து நான் ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆனாலும் வழியில் அந்தச் சொல்லை அக்காவிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினேன். அவள் முறைத்தாள். ஆமாம், அவள் என்னோடு பேசுவதில்லை. மகளின் வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டேன் என்கிறாள். நடந்ததை ரம்ஷாவிடம் சொன்னேன். அவள் அன்று எனக்கு ஒரு ரொட்டி கூடுதலாகப் போட்டாள். இதில் எது சரி? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? உண்மையைச் சொல், நான் ஏதாவது உடைத்துவிட்டேனா?

இன்று காலையில் ஃபஜ்ருக்கு வழக்கம்போல அவளை எழுப்பினேன். போர்வைக்குள்ளிருந்தே, "எனக்கு இன்னிக்குத் தொழுகை இல்லைங்க அத்தா" என்றாள். ஒளிக்காமல், வெட்கப்படாமல், தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. தொழவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னதற்கு இறைவனைப் புகழ்ந்த தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இது பாவமா என்று யாரிடமும் கேட்க முடியாது. உன்னிடம்தான் கேட்கிறேன்.

ஒரு விஷயம். நிக்காஹுக்காக என்று நீ அந்த வீட்டில் லீவு கேட்டு வைத்திருக்கிறாய். நிக்காஹ் அதே நாளில் நடக்குமோ, தள்ளிப்போகுமோ, நடக்காமலே போகுமோ. அது ரியாஸ் வீட்டார் வாயில் இருக்கிறது. ஆனால் அதைக் காரணமாக வைத்து நீ லீவைத் தள்ளிப்போட்டுவிடாதே. கல்யாணம் இல்லையே, பிறகு எதற்கு ஊருக்கு என்று நீ வேலை செய்யும் வீட்டம்மா கேட்டால், மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே, அவள் நன்றாக இருக்கிறாள். புருஷனுக்குப் புத்தி சரியில்லை, வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்று சொல். விசாரித்தால் இந்தத் தெருவே சாட்சி சொல்லும். நீ நல்லபடியாக வந்து சேர அல்லாஹ் வழி திறக்கட்டும். சீக்கிரம் திறக்கட்டும்.

உன்
கரீம்